வெயிலும் பனியும் தாங்கும் கணினிக்கு எந்த ப்ராசஸர்?
வாசகர் கேள்வி – பதில்

ட்ரோன், கவச வாகனம், ரேடார் வண்டி, வீரரின் முதுகுப்பை என்று தரவு பிறக்கும் இடத்திலேயே அதை அலசி முடிவு சொல்லும் கணினிகளை ராணுவ எட்ஜ் கம்ப்யூட்டிங் என்கிறார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்த பிறகு, இதில் இறங்கியிருக்கும் சிறு நிறுவனங்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் நிறையக் கடிதங்கள் வருகின்றன. இந்த இதழில் ப்ராசஸர் தேர்வு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கண்காணிப்பு ட்ரோனுக்காக, கேமரா படத்தில் ஆளையும் வாகனத்தையும் அடையாளம் காணும் கணினி ஒன்றைச் செய்கிறோம். "டாப்ஸ் அதிகமுள்ள சிப்பை வாங்கு" என்கிறார் ஒருவர். "வாட் குறைவானதை வாங்கு" என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?
— ஓசூர் வாசகர்

பதில்: இரண்டுமே அரைக் கணக்கு. டாப்ஸ் என்பது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி செயல்கள் என்ற உச்சவரம்பு. அந்த எண் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். என்விடியா ஜெட்சன் ஏஜிஎக்ஸ் ஓரின் 64 கிகாபைட் மாட்யூலுக்கு 275 டாப்ஸ் என்று போட்டிருப்பார்கள். அதில் 170 ஜிபியு தருவது. 105 அதனுள் நியூரல் நெட்வொர்க் கணக்குக்கென்றே இருக்கும் இரண்டு டிஎல்ஏ முடுக்கிகள் தருவது. அதுவும் 8 பிட் முழு எண் கணக்கில், நியூரல் நெட்வொர்க்கின் எடைகளில் பாதியைச் சுழியாக்கிய ஸ்பார்ஸ் முறையில். உங்கள் மாடலை அப்படிச் செதுக்கவில்லை என்றால் எடுத்த எடுப்பிலேயே பாதி போய்விடும். டிஎல்ஏவுக்கு ஒத்துவராத லேயர்கள் ஜிபியுவுக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் ஒவ்வொரு முறையும் தரவை நகர்த்துவதில் நேரம் கழியும். கடைசியில் கையில் நிற்பது தாளில் உள்ள எண்ணில் ஒரு சிறு பங்கு.

வாட் குறைவு என்பதும் தனியாக எதையும் சொல்லாது. 10 வாட் சிப் ஒரு ஃப்ரேமை அலச அரை நொடி எடுத்தால் செலவு 5 ஜூல். 30 வாட் சிப் அதையே 30 மில்லிவிநாடியில் முடித்தால் 0.9 ஜூல். நீங்கள் ஒப்பிட வேண்டியது ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை ஜூல் என்பதைத்தான்.

அளக்கும் முறை இது. மென்பொருள் காட்டும் வாட்டை நம்பாமல், போர்டுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் மீட்டர் வையுங்கள். மெமரி, எஸ்எஸ்டி, மின்மாற்றி (வோல்டேஜை மாற்றித் தரும் கன்வர்ட்டர்) இழப்பு எல்லாம் அந்த அளவில் அடங்கிவிடும். வீடியோவை விரிப்பது, பொருளைக் கண்டறிவது, பின்தொடர்வது, மறுபடி சுருக்கி அனுப்புவது என்று முழு வேலையையும் ஓட்டுங்கள். முதல் 30 நிமிட அளவுகளைத் தள்ளிவிட்டு, பெட்டி சூடேறிய பிறகு வரும் சராசரி வாட்டை நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுங்கள். 15 வாட்டில் 30 ஃப்ரேம் என்றால் 0.5 ஜூல், 40 வாட்டில் 60 ஃப்ரேம் என்றால் 0.67 ஜூல். உங்கள் கேமரா நொடிக்கு 30 ஃப்ரேம்தான் தருகிறது என்றால் இரண்டாவது சிப்பின் கூடுதல் வேகத்துக்கு வேலையே இல்லை.

ட்ரோனின் வகையும் இதில் முக்கியம். நான்கு இறக்கை மல்டிரோட்டர் அந்தரத்தில் நிற்கவே பல நூறு வாட் தின்னும். அங்கே ப்ராசஸரில் 10 வாட் மிச்சம் பிடித்தால் பறக்கும் நேரம் பெரிதாக அதிகரிக்காது. ஹீட் சிங்கில் 150 கிராம் குறைந்தால் அதிகரிக்கும். சிறிய நிலை இறக்கை ட்ரோனின் கதை வேறு. அது நூறு வாட்டுக்குள் பறந்துவிடும் என்பதால் அங்கே 15 வாட் என்பது பெரிய பங்கு.

நியூரல் நெட்வொர்க்கின் எடைகளை 8 பிட்டுக்கு மாற்றும்போது ஒரு கவனம் தேவை. அளவு திருத்தத்துக்கு இணையத்தில் கிடைக்கும் பகல் படங்களைக் கொடுத்துவிட்டு, களத்தில் தெர்மல் கேமராவை மாட்டினால் முதலில் தொலைந்துபோவது தூரத்தில் 10, 12 பிக்சல் அளவில் தெரியும் ஆள்தான். உங்கள் கேமரா, உங்கள் உயரம், உங்கள் நேரம் ஆகியவற்றில் எடுத்த படங்களையே கொடுங்கள்.

இன்னொன்று: யுஎஸ்பி 3 இணைப்புகள் அகன்ற அலைவரிசையில் ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு அருகில் அந்தக் கேபிள் ஓடினால் செயற்கைக்கோள் சிக்னல் வலுவிழந்துவிடும். கேமராவை முடிந்தவரை எம்ஐபிஐ (கேமராவை நேரே சிப்போடு சேர்க்கும் இணைப்பு) அல்லது ஈதர்நெட் வழியாக இணைப்பது நல்லது.

கேள்வி: வாகனத்துக்குள் வைக்கும், ஃபேன் இல்லாத, மூடிய பெட்டி எங்களுடையது. ப்ராசஸர் 45 வாட். ஆய்வகத்தில் ஒழுங்காக ஓடுவது வெயிலில் பாதி வேகத்துக்கு விழுகிறது. சிப்பில் குறையா?
— ஆவடி வாசகர்

பதில்: சிப்பில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. வெப்பம் வெளியேறும் பாதையைக் கணக்குப் போடாமல் சிப்பைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. இந்தத் துறையில் நாங்கள் காணும் கோளாறுகளில் மிக அதிகம் இந்த வகைதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

அமெரிக்க ராணுவச் சோதனை முறையான மில்-எஸ்டிடி-810, கடும் வெப்ப வறட்சிப் பகுதிக்கு வெளிக்காற்று 49 டிகிரி செல்சியஸ் என்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்துக்குள் சேரும் வெப்பத்தோடு அது 71 டிகிரி ஆகிறது. நம் படைகளுக்கான சோதனைகளை ஜேஎஸ்எஸ் 55555 வகுத்திருக்கிறது. உங்கள் கருவி எந்த வகுப்பில் வருகிறதோ அந்த வெப்பநிலையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்கு 71 டிகிரியையே வைத்துக்கொள்வோம்.

சிப்பிலிருந்து பெட்டிச் சுவர் வரை வெப்பம் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். சிப்புக்கும் ஹீட் ஃப்ரேமுக்கும் நடுவே உள்ள பேஸ்ட், சிப்பின் உறை ஆகியவை வாட்டுக்கு 0.2 டிகிரி. அலுமினிய ஹீட் ஃப்ரேம் 0.25. கார்டைச் சுவரோடு இறுக்கும் இரண்டு பக்க வெட்ஜ் லாக்குகளும் சேர்ந்து 0.2. ஓரளவு நன்றாகச் செய்த 3யூ (சிறிய அளவு) கார்டுக்கு இவை நியாயமான எண்கள். மொத்தம் வாட்டுக்கு 0.65 டிகிரி.

சுவர் 71 டிகிரியில் இருக்கும்போது 45 வாட் ஓடினால் சிப்பின் உட்பகுதி 100 டிகிரி. இன்டெலின் பெரும்பாலான எம்பெடட் சிப்புகளுக்கு அதுவே எல்லை. எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 35 வாட் என்றால் 94 டிகிரி. 25 வாட் என்றால் 87. இந்தக் கணக்கும் தாராளமானது, ஏனென்றால் 71 என்பது பெட்டியைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம். சுவர் அதைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் காற்றுக்குப் போகும். பெட்டி மொத்தம் 60 வாட் வெளியேற்ற வேண்டும், சுவர் காற்றைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று வைத்தால், ஃபேன் இல்லாத பரப்பில் சதுர மீட்டருக்கும் டிகிரிக்கும் 8 வாட் என்ற கணக்கில் அரைச் சதுர மீட்டர் பரப்பு தேவை. 25 × 20 × 10 சென்டிமீட்டர் பெட்டியின் வெளிப்பரப்பு 0.19 சதுர மீட்டர்தான். மிச்சத்தை ஃபின்கள் தர வேண்டும். வாகனத்தில் அந்த ஃபின்களுக்கு இடையே தூசி அடைத்துக்கொள்ளும் என்பதால் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

இப்போது செய்யக்கூடியவை: பயாஸில் நீடித்த மின் வரம்பை 25 அல்லது 28 வாட்டுக்கு இறக்குங்கள், டர்போவை அணைத்துவிடுங்கள். வேகம் பாதியாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். சிப் செலவிடும் மின்திறன் வோல்டேஜின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய அளவில் ஏறுகிறது. அதிர்வெண்ணை இறக்கினால் வோல்டேஜும் கூடவே இறங்கும். அதனால் மின்சாரம் 40 சதவீதம் குறையும் இடத்தில் வேகம் அதைவிடக் குறைவாகவே குறையும். சூடு குறைந்தால் கசிவு மின்னோட்டமும் குறைகிறது. அது தனி ஆதாயம். ஒரே வேகத்தில் நிதானமாக ஓடும் சிப், ஏறி இறங்கி ஓடும் சிப்பைவிட ராணுவ வேலைக்கு நல்லது. இலக்கைத் தொடரும் மென்பொருளுக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் குறித்த நேரத்தில் வந்தாக வேண்டும்.

அப்படியும் போதவில்லை என்றால் 45 வாட்டை 35-க்கு இறக்கி ஓட்ட வசதியுள்ள, மைனஸ் 40 டிகிரியிலிருந்து வேலை செய்யும் ஜியான் டபிள்யூ-11865எம்ஆர்இ போன்ற 8 கோர் சிப்புகளைப் பாருங்கள். அதோடு பேஸ்ட்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, நடுவில் இருக்கும் பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கி வந்துவிடும். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற பெட்டியில் அது கண்ணுக்கே தெரியும். உருகிப் பரவும் ஃபேஸ் சேஞ்ச் பேட் இந்தத் தொல்லையைக் குறைக்கும்.

கேள்வி: ஆர்ம், இன்டெல், பவர் ஆகிய மூன்று ப்ராசஸர் குடும்பங்களில் எதை எடுத்தால் நல்லது?
— திருச்சி வாசகர்

பதில்: கையில் எந்த மென்பொருள் இருக்கிறதோ அதுதான் பாதி முடிவைச் செய்துவிடும். பவர் குடும்பத்தின் அல்டிவெக் கட்டளைகளில் எழுதிய பழைய ரேடார் நிரல் இருந்தால், அதே குடும்பத்தின் என்எக்ஸ்பி டி2080 இன்னும் நல்ல தேர்வு. இரண்டு த்ரெட் ஓடும் நான்கு இ6500 கோர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் இறங்க வேண்டாம், அந்தக் குடும்பம் மேலே வளரவில்லை.

நெட்வொர்க் பாக்கெட், குறியாக்கம், பல சிறு வேலைகள் ஒரே நேரத்தில் என்றால் ஆர்ம் பக்கம் போங்கள். என்எக்ஸ்பி எல்எக்ஸ்2160ஏ-வில் 16 கார்டெக்ஸ் ஏ72 கோர்கள், சுமார் 30 வாட்டுக்குள். ஆனால் ஒரு கோரின் தனி வேகம் சாதாரணம்தான். ஒரே த்ரெட்டில் ஓடும் பழைய நிரலை அதில் போட்டுவிட்டு 16 கோர் இருந்தும் வேகமில்லையே என்று சிலர் ஏமாறுகிறார்கள்.

பெரிய எஃப்எஃப்டி (சிக்னலை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு), மிதவைப்புள்ளிக் கணக்கு, ஒரே பெட்டியில் பல வெர்ச்சுவல் மெஷின் என்றால் இன்டெல் ஜியான் டி-1700, டி-2700 வரிசை. 2022-இல் வந்தது, ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 உண்டு, டி-2700-இல் 20 கோர் வரை கிடைக்கும். அதன் மேல்வரிசைச் சிப்புகள் 100 வாட்டைத் தாண்டும். திரவக் குளிர்ச்சியோ காற்றை உள்ளே செலுத்தும் சேஸியோ இல்லாத வாகனத்தில் அவற்றை வைக்க முடியாது; டி-1700-இன் கீழ்வரிசை போதும்.

எதுவானாலும் ஈசிசி மெமரி (பிட் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் மெமரி) இல்லாத சிப்பைத் தொடாதீர்கள். விமானம் பறக்கும் உயரத்தில் நியூட்ரான் பொழிவு தரையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். மெமரியில் ஒரு பிட் தானே புரளும். ஈசிசி இல்லாவிட்டால் புரண்டதே தெரியாது. ஓரின் வரிசையிலும் இதனால்தான் சாதாரண மாட்யூலை விட்டு இண்டஸ்ட்ரியல் மாட்யூலைச் சொல்கிறோம். டாப்ஸ் 248 ஆகக் குறைகிறது, ஆனால் ஈசிசியும் மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரையிலான தாங்கும் திறனும் கிடைக்கின்றன.

மெமரியைப் பற்றி இன்னும் ஒன்று. எஸ்ஓ-டிம் சாக்கெட்டில் செருகும் மெமரி சங்கிலிச் சக்கர வண்டியின் அதிர்வில் தளரும், எம்.2 எஸ்எஸ்டியும் அப்படியே. மெமரியைப் போர்டிலேயே சால்டர் செய்த வடிவத்தில் வாங்குங்கள், அடியில் சால்டர் உருண்டைகள் கொண்ட பெரிய பிஜிஏ சிப்புகளின் நான்கு மூலைகளிலும் எபாக்ஸி பூசச் சொல்லுங்கள். அதிர்வில் முதலில் விரிசல் விடுவது மூலைச் சால்டர் உருண்டைகள்தான்.

கேள்வி: ரேடியோ சிக்னல் கண்காணிப்புக்கு எஃப்பிஜிஏ கட்டாயமா? ஜிபியு போதாதா?
— கோவை வாசகர்

பதில்: ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே எழுதி அமைக்கும் சிப்), முடிவெடுக்கும் இடத்தில் ஜிபியு. காரணம் தரவின் அளவு. ஸிங்க் அல்ட்ராஸ்கேல் பிளஸ் ஆர்எஃப்எஸ்ஓசி-யின் மூன்றாம் தலைமுறைச் சிப் ஒன்றில், சிக்னலை எண்ணாக்கும் ஏடிசி, நொடிக்கு 500 கோடி மாதிரி எடுக்கும் 14 பிட் ரகத்தில், எட்டு உண்டு. ஒரு மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு சேனலுக்கு நொடிக்கு 10 கிகாபைட். எட்டுக்கும் 80 கிகாபைட். பிசிஐஇ நான்காம் தலைமுறை எட்டு லேன் இணைப்பு ஒரு திசையில் சுமார் 16 கிகாபைட்தான் கடத்தும். மூலத் தரவை அப்படியே ஜிபியுவுக்குத் தள்ள வழியில்லை.

எஃப்பிஜிஏவுக்குள்ளேயே தேவையான அலைவரிசையை மட்டும் பிரித்து மாதிரி வீதத்தைக் குறைத்துவிட்டால், 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு நொடிக்கு 5 கோடி ஐ-க்யூ மாதிரி (2 பைட் எண்கள் இரண்டு கொண்டது), அதாவது 200 மெகாபைட்தான் வெளியே வரும். அதை 15 வாட் ஜிபியு மாட்யூல் எளிதாக வாங்கிக்கொள்ளும். எந்த வகை சிக்னல் என்று பிரித்தறியும் நியூரல் நெட்வொர்க்கை அங்கே ஓட்டுங்கள். அதையும் எஃப்பிஜிஏவில் எழுத முயன்றால், மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் தொகுக்க வேண்டிவரும். ஆட்களும் எளிதில் கிடைக்க மாட்டார்கள்.

வேலை சிறியதாக, மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் மைக்ரோசிப்பின் போலார்ஃபயர் எஸ்ஓசி-யைப் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தரத்தில் அமைந்த நான்கு யு54 கோர்களும் மேற்பார்வைக்கு ஒரு இ51 கோரும் உண்டு. அதன் எஃப்பிஜிஏ அமைப்பு ஃபிளாஷ் செல்லில் இருப்பதால் நியூட்ரான் பட்டு மாறாது. மின்சாரம் வந்ததும் வெளி ஃபிளாஷிலிருந்து ஏற்றக் காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: இணைய இணைப்பு இல்லாமல் மொழிபெயர்க்கவும் அறிக்கை சுருக்கவும் ஒரு பெரிய மொழி மாடலை வீரர் சுமக்கும் கணினியில் ஓட்ட முடியுமா? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?
— பெங்களூரு வாசகர்

பதில்: முடியும். இங்கே டாப்ஸை மறந்துவிட்டு மெமரி வேகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு டோக்கனை (சொல் அல்லது சொல்லின் துண்டு) எழுதவும் மாடல் முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 5 கிகாபைட். ஏஜிஎக்ஸ் ஓரின் நொடிக்கு 204.8 கிகாபைட் படிக்கும். வகுத்தால் நொடிக்கு 40 டோக்கன்தான் உச்சம். ஓரின் என்எக்ஸ் 16 கிகாபைட் மாட்யூல் 102.4 படிக்கும், உச்சம் 20. நடைமுறையில் அந்த உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கை எதிர்பாருங்கள். மனிதர் படிக்கும் வேகத்துக்கு நொடிக்கு 10 டோக்கன் தாராளம் என்பதால் சிறிய மாட்யூலே போதும். தமிழுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள். பல மாடல்களில் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக டோக்கன் எடுக்கிறது.

பேட்டரிக் கணக்கு. பல நாட்டுப் படைகள் பயன்படுத்தும் பிபி-2590 லித்தியம் அயான் பேட்டரி சுமார் 1.4 கிலோ, புதிய ரகங்கள் 290 வாட்-மணி அளவில் தருகின்றன. மின்மாற்றி இழப்பு 10 சதவீதம் போக 261. மாட்யூல் 20 வாட், திரை, எஸ்எஸ்டி, ரேடியோ இணைப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் 32 வாட் இழுத்தால் 8 மணி நேரம். மைனஸ் 20 டிகிரியில் 60 சதவீதம்தான் கிடைக்கும் என்று திட்டமிடுங்கள். 5 மணி நேரத்துக்குச் சற்றுக் குறையும்.

இதை நீட்டிக்க வேண்டுமானால் ப்ராசஸரை மாற்றுவதைவிடச் சும்மா இருக்கும் நேரத்தைக் குறிவையுங்கள். வீரர் மணிக்குப் பத்து முறை கேட்டால் மாடல் உண்மையில் வேலை செய்வது சில நிமிடங்கள்தான். மிச்ச நேரம் முழுக்கக் கணினி 8, 10 வாட் சும்மா எரித்துக்கொண்டிருக்கும். தூக்க நிலையிலிருந்து 2 நொடிக்குள் எழும் போர்டு உங்களுக்கு அதிக மணி நேரம் தரும். விற்பவரிடம் உச்ச வாட்டைக் கேட்கும் முன்பு தூக்க நிலை வாட்டைக் கேளுங்கள்.

கேள்வி: உயரமான பனிப் பகுதியில் வைத்த கணினி காலையில் எழ மறுக்கிறது. ஒருமுறை எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது. என்ன செய்யலாம்?
— லே வாசகர்

பதில்: எழுந்த பிறகு ஓடுகிறது என்றால் ப்ராசஸரைவிட அதைச் சுற்றியுள்ளவற்றைச் சந்தேகப்பட வேண்டும். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் உள்மின்தடை மைனஸ் 40-இல் பல மடங்கு கூடிவிடும். மின்மாற்றி தொடக்க நொடியில் தள்ளாடும். பாலிமர் அல்லது டான்டலம் வகை இருக்கிறதா பாருங்கள். அடுத்தது மெமரி. எழும்போது அது தன் கால அளவுகளைப் பயிற்றுவித்துக்கொள்ளும். குளிரில் செய்த பயிற்சி, பெட்டி சூடான பிறகு பொருந்தாமல் போவதும் உண்டு. 0 டிகிரியிலிருந்து மட்டும் உறுதி தரும் வணிக ரகச் சிப்பாக இருந்தால் அதை மாற்றுவதே வழி.

மாற்ற முடியாத நிலையில் ஹீட்டர் ஒட்டலாம். போர்டும் அலுமினியச் சட்டமும் சேர்ந்து 600 கிராம் என்றால், ஒரு டிகிரி ஏற்ற சுமார் 540 ஜூல். மைனஸ் 40-லிருந்து 0 வரை 21,600 ஜூல். 40 வாட் பாலிஇமைட் ஹீட்டருக்கு 9 நிமிடம். இழப்புகளோடு கால் மணி நேரம். சிப்புக்கு மின்சாரம் போகும் முன் ஹீட்டர் வேலையை முடித்திருக்க வேண்டும், அதனால் அதைக் கட்டுப்படுத்தும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் மைனஸ் 55 டிகிரி ரகமாக இருக்கட்டும்.

உயரத்தின் பாதிப்பு வேறு. 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதம்தான். குளிர் இடம் என்பதால் ஃபேன் நன்றாக ஆற்றும் என்று நினைப்பார்கள். சூடேற்றிய பங்கருக்குள் வைத்த ஃபேன் பெட்டி அங்கே எளிதில் சூடாகிவிடும். சுவர் வழியே வெப்பம் கடத்தும் பெட்டிதான் நம்பகம். வெளியிலிருந்து பங்கருக்குள் கொண்டுவந்த பெட்டியை உடனே இயக்காதீர்கள். உள்ளே ஈரம் படியும். போர்டில் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் மெல்லிய பூச்சு) இல்லையென்றால் அதைக் கெடுக்க அந்த ஈரமே போதும். லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

கேள்வி: வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கணினி ரீபூட் ஆகிறது. பெரிய கெபாசிட்டர் போட்டால் சரியாகுமா?
— சேலம் வாசகர்

பதில்: நீங்கள் இரண்டு வேறு சிக்கல்களை ஒன்றாக்குகிறீர்கள். விமானத்தில் 28 வோல்ட் மின்சாரம் 50 மில்லிவிநாடி வரை முழுவதும் அறுந்துபோகலாம் என்கிறது மில்-எஸ்டிடி-704. அதற்குக் கெபாசிட்டர் சரி. 40 வாட் பெட்டிக்கு 2 ஜூல் தேவை. 28 வோல்ட்டிலிருந்து 16 வரை இறங்க அனுமதித்தால் 7,600 மைக்ரோஃபாரட், குளிரையும் வயதையும் சேர்த்து 12,000. முதலில் 50 வோல்ட்டுக்கு ஏற்றிச் சேமித்து 20 வரை இறங்கவிட்டால் 1,900 போதும். ப்ராசஸர் பாதி வாட் என்றால் இதுவும் பாதியாகும். சிக்கனமான சிப்பின் பயன் இப்படி மின்வழங்கி வரை போகும்.

வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் வோல்டேஜைப் பல நொடிகள் கீழேயே பிடித்து வைத்திருக்கும். அதைக் கெபாசிட்டர் தாங்காது. 10 வோல்ட்டிலும் வேலை செய்யும் பக்-பூஸ்ட் மின்மாற்றி (வரும் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவாகத் தருவது) போடுங்கள். மேல் பக்கத்தையும் மறக்க வேண்டாம். மில்-எஸ்டிடி-1275 தரப்படி வண்டியில் 100 வோல்ட் எழுச்சி 50 மில்லிவிநாடி வரலாம். எழுச்சியை உறிஞ்சும் டிவிஎஸ் டயோடை மட்டும் நம்பினால் அந்த ஆற்றலில் அது கருகிவிடும். தொடர் மாஸ்ஃபெட் வைத்த சர்ஜ் ஸ்டாப்பர் தேவை. எஸ்எஸ்டி மின் இழப்புப் பாதுகாப்புள்ள ரகமாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒருநாள் ரீபூட்டுக்குப் பதில் வெறும் திரைதான் வரும்.

கேள்வி: விமானக் கணினியில் நான்கு கோர் சிப்பை வைத்துவிட்டு மூன்று கோர்களை அணைத்துவிடுகிறார்களாமே, ஏன்?
— சென்னை வாசகர்

பதில்: கோர்கள் கேஷையும் மெமரி வழியையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கோர் மெமரியை வாரி எடுக்கும்போது பக்கத்துக் கோரின் வேலை தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்று நிரூபிப்பது கடினம். விமான மென்பொருள் சான்றளிப்பு அதிகாரிகளின் 2016-இன் காஸ்ட்-32ஏ குறிப்பு அந்த நிரூபணத்தைக் கேட்டது; அதை ஒட்டி ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2022-இல் வெளியிட்ட ஏஎம்சி 20-193 வழிகாட்டலும் அதையே கேட்கிறது. அணைப்பது எளிய வழி, ஆனால் வாட் வீணாகும். எல்2 கேஷைப் பங்கு பிரித்து, மற்ற மூன்று கோர்களிலும் மெமரியை வேண்டுமென்றே அடிக்கும் நிரல்களை ஓட்டி, முக்கிய வேலையின் மிக மோசமான நேரத்தை அளந்து ஆவணப்படுத்துவதே முறை. சிப் வாங்கும் முன்பே, அதன் உள் இணைப்பு பற்றிய விவரங்களைத் தயாரிப்பாளர் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு சிப்.

கேள்வி: நம் நாட்டு ப்ராசஸர்களை இதற்குப் பயன்படுத்த முடியாதா?
— மதுரை வாசகர்

பதில்: முடியும், சரியான இடத்தில். சென்னை ஐஐடியின் சக்தி வரிசை, அதை அடிப்படையாக வைத்து இஸ்ரோவுடன் 2025-இல் உருவான ஐரிஸ் சிப், விண்வெளி ஏவுகலங்களுக்கான 32 பிட் விக்ரம் 3201, சி-டாக்கின் வேகா வரிசை எல்லாம் உண்மையான சிப்புகள். விக்ரமும் ஐரிஸும் சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள எஸ்சிஎல் என்ற அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் தயாராகின்றன. அந்த நுட்பத்தில் கேமரா படம் அலசும் சிப்பை எதிர்பார்க்க முடியாது. இயக்கக் கட்டுப்பாட்டுக்கு அது உறுதியானது. விக்ரம் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை தாங்கும்.

எங்கள் யோசனை இது. ஒரு எட்ஜ் பெட்டியில் மின்சாரத்தை வரிசைப்படி ஏற்றுவது, ஹீட்டரைக் கட்டுப்படுத்துவது, பெரிய ப்ராசஸரின் பூட் மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதை எழவிடுவது, பெட்டி எதிரி கைக்குப் போனால் குறியாக்கச் சாவியை அழிப்பது ஆகிய வேலைகளை ஒரு இந்திய ரிஸ்க்-ஃபைவ் சிப்பிடம் கொடுங்கள். வேகம் தேவையில்லாத, நம்பிக்கை முழுக்கத் தேவைப்படும் இடம் அது. உள்ளே இருப்பது என்ன என்று நமக்குத் தெரிந்த சிப் அங்கே இருப்பதுதான் முறை.

கேள்வி: "மில் கிரேடு" என்று போட்ட போர்டுக்கு மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஓசூரிலிருந்து இன்னொரு வாசகர்

பதில்: மில்-எஸ்டிடி-810 என்பது சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் "தேர்ச்சி" என்ற சான்றிதழ் எதுவும் கிடையாது. எந்த முறை, எந்த நடைமுறை, எத்தனை மணி நேரம், சோதனையின்போது கணினி இயங்கியதா அணைந்திருந்ததா என்று அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அணைத்து வைத்து 71 டிகிரியில் சோதித்தது சேமிப்புச் சோதனை மட்டுமே. அறிக்கை தராதவருக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கூடுதல் பணத்தை வேறு இரண்டுக்குக் கொடுக்கலாம். ஒன்று, ஈயம் கலந்த சால்டர். தூய வெள்ளீயத்தில் முளைக்கும் மெல்லிய உலோக இழைகள் பக்கத்துக் கால்களை ஷார்ட் செய்துவிடும். மற்றொன்று, தயாரிப்பு நிறுத்தப்படும் தேதி எழுத்தில். ராணுவக் கருவி 15, 20 ஆண்டு ஓட வேண்டும்; ஒரு சிப்பின் சந்தை ஆயுள் பெரும்பாலும் அதில் பாதிதான். கடைசி ஆர்டர் அறிவிப்பு வந்ததும் எத்தனை வாங்கி வைப்பது என்பதை இன்றே கணக்கிடுங்கள்: மீதமுள்ள பெட்டிகள், ஆண்டுக்கு வரும் பழுது, அதன் மேல் 20 சதவீதம். வாங்கியதை ஈரம் புகாத பையில் அடைத்து, நைட்ரஜன் நிரப்பிய அலமாரியில் வையுங்கள். அப்போது வாங்கத் தவறினால் பிறகு வெளிச்சந்தையில் தேட வேண்டிவரும். மேலெழுத்தைச் சுரண்டி மறு அச்சுப் போட்ட போலிகள் அங்கேதான் அதிகம். அப்படி வாங்க நேர்ந்தால் ஒவ்வொரு லாட்டிலும் சிலவற்றை எக்ஸ்ரே எடுத்து, ஒன்றிரண்டின் உறையைக் கரைத்து உள்ளே இருக்கும் சிலிக்கனின் குறியைப் பார்த்த பிறகே போர்டில் ஏற்றுங்கள்.